எப்காட்டில் திரைப்படப் பாத்திரங்கள்: அரங்குகளில் பாடம் மிஞ்சியிருக்கிறதா?

திண்ணைவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் அட்லாண்டாவில் வசிக்கிறோம். வரும் டிசம்பர் விடுமுறையில் எட்டு வயது மகளையும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்லவிருக்கிறோம். ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பதால் அங்குள்ள நான்கு பூங்காக்களில் எதற்குப் போவது என்ற பேச்சு எழுந்தபோது, அப்பா சற்றும் தயங்காமல் எப்காட் என்றார். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியரான அவர், 1991-இல் என் பெரியப்பாவைப் பார்க்க அமெரிக்கா வந்தபோது அந்தப் பூங்காவில் ஒரு முழு நாளைக் கழித்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் தம் வகுப்புகளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதை அவருடைய மாணவர்கள் சொல்லியே நான் அறிவேன்.

அவர் நினைவில் இருப்பவை இவை. ஸ்பேஸ்ஷிப் எர்த் என்ற பெரிய கோளத்துக்குள் குகை ஓவியம் முதல் கணினி வரை மனிதர்கள் செய்தி பரிமாறிக்கொண்ட வரலாற்றைப் பார்த்தபடி மேலேறிச் சென்றது. கடலடித் தளத்துக்கு இறங்குவதாக நம்பவைத்து உண்மையில் சில அங்குலமே நகர்ந்த லிஃப்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹொரைஸன்ஸ் என்ற எதிர்கால அரங்கில் பாலைவன வேளாண்மைக் காட்சியைக் கடக்கும்போது எங்கிருந்தோ வந்த ஆரஞ்சுப் பழ மணம். அந்த மணத்தைச் சொல்லும்போது அவர் இன்றும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்கிறார்.

சென்ற வாரம் என் மகளும் அவரும் இப்போதைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். கடல் அரங்கில் நீமோ, நார்வே அரங்கில் ஃப்ரோசன் சகோதரிகள், மெக்சிகோவில் டொனால்ட் வாத்து, பிரான்சில் சமையல் செய்யும் எலி, ஆற்றல் பற்றிய அரங்கு இருந்த இடத்தில் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி என்று ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, மகளின் முகம் மலர்ந்தது. அப்பாவின் முகம் வாடியது. இறுதியில் அவர், “பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டுத் திரையரங்கம் கட்டியிருக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். கற்பிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு பூங்காவில் திரைப்படப் பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தது அந்த நோக்கத்தை அழித்துவிட்டதா, அல்லது குழந்தைகளை அதன் பக்கம் இழுத்து வந்திருக்கிறதா? பழைய பூங்காவையும் இன்றைய பூங்காவையும் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். எந்த அரங்குகளுக்கு அவசியம் போக வேண்டும் என்பதையும் சொன்னால், இருவரையும் ஒரே நாளில் மகிழ்விக்க முடியுமா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

பழைய வரைபடம் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் தந்தையாரின் ஆரஞ்சு மணம் அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த நினைவு அன்று. ஹொரைஸன்ஸ் அரங்கில் சென்ற ஏறத்தாழ அனைவருமே முதலில் சொல்வது அதைத்தான். பூங்காக்களின் பழைய வரைபடங்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எப்காட் என்ற பெயரை வால்ட் டிஸ்னி ஒரு பூங்காவுக்காகச் சூட்டவில்லை. 20,000 பேர் வசிக்கும் ஒரு சோதனை நகரத்துக்காகவே அவர் அதை வைத்தார். 1966 டிசம்பரில் அவர் இறந்த பிறகு அந்த நகரத்தை நடத்திப் பார்க்கும் துணிவு நிறுவனத்தில் எவருக்கும் இருக்கவில்லை. எனவே 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது, ஒரு பாதியில் அறிவியல் அரங்குகளும் மறு பாதியில் ஒரு குளத்தைச் சுற்றி உலக நாடுகளின் அரங்குகளுமாக அமைந்த, நிரந்தரமான உலகக் கண்காட்சி ஒன்று. அருகிலிருந்த மேஜிக் கிங்டம் பூங்காவிலிருந்து இது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காக மிக்கி மௌஸ் உள்ளிட்ட பாத்திரங்கள் வேண்டுமென்றே விலக்கி வைக்கப்பட்டன. வந்த குடும்பங்களோ மிக்கி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே சிறிது காலத்திலேயே விண்வெளி உடை அணிந்த மிக்கி அங்கே உலவத் தொடங்கினார். அதாவது, உங்கள் தந்தையார் வந்த 1991-இலேயே அந்தத் தடை தளர்ந்திருந்தது.

ஆனால், பாத்திரங்கள் வருவதற்கு முன் அங்கே நடந்தது தூய பாடம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தப் பாடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். போக்குவரத்தின் வரலாற்றைச் சொன்ன அரங்கை ஜெனரல் மோட்டார்ஸ் ஏற்று நடத்தியது. சவாரி முடிந்து வெளியே வந்தால் அந்த ஆண்டின் புதிய கார்கள் வரிசையாக நிற்கும். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்ன அரங்கு எக்ஸான் எண்ணெய் நிறுவனத்துடையது. தொலைத்தொடர்பு வரலாற்றுக்கு பெல் தொலைபேசி நிறுவனம், வேளாண்மைக்கு கிராஃப்ட், எதிர்காலத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக், கற்பனைக்கு கோடாக். பாடநூலுக்கு விளம்பரதாரர் இருந்தார். அட்டையில் அவர் பெயர் அடக்கமாக அச்சிடப்பட்டிருந்தது என்பதுதான் வேறுபாடு. எண்ணெய் நிறுவனம் ஆற்றலைப் பற்றி நடத்தும் பாடத்தில் எது விடுபட்டிருக்கும் என்று ஓர் அறிவியல் ஆசிரியருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த நிறுவனங்களில் பல ஒவ்வொன்றாக விலகியதுதான் கதையின் திருப்பம். ஜெனரல் எலக்ட்ரிக் 1993-இல் விலகியது. புரவலர் இல்லாத ஹொரைஸன்ஸ் சில ஆண்டுகள் தள்ளாடி 1999 ஜனவரியில் மூடப்பட்டது. கடல் அரங்கின் புரவலரான யுனைடெட் டெக்னாலஜீஸ் 1998-இலும், எக்ஸான் 2004-இலும் விலகின. அறிவியல் அரங்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எதிர்காலம் என்று காட்டிய கருவி பத்தே ஆண்டுகளில் நம் சமையலறைக்கு வந்துவிடுகிறது; பிறகு அந்த அரங்கைப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். புதுப்பிக்கப் பணம் வேண்டும். பணம் கொடுத்தவர்களோ போய்விட்டார்கள். அப்போது மிஞ்சிய ஒரே புரவலர் டிஸ்னியின் சொந்தப் படப்பிடிப்பு நிலையம்தான். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காரை நிறுத்தி வைத்ததைப் போலவே, அதுவும் தன் சரக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. லயன் கிங் படத்தின் பாத்திரங்களை வைத்து எடுத்த குறும்படம் இதற்கு ஒரு விலக்கு. 1995-இல் அது நுழைந்தபோது வேளாண்மை அரங்குக்கு நெஸ்லே புரவலராக இருந்தது.

அந்த லயன் கிங் குறும்படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்படி எந்தப் பாத்திரம் வந்து நுழைந்தாலும் அதை நான் அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். டிமோனும் பும்பாவும் ஓர் உல்லாச விடுதி கட்டுவதற்காக ஆற்றை மறித்து அணை போடுகிறார்கள். தண்ணீர் வற்றியதைக் கண்டு வரும் சிங்க அரசன் சிம்பா, தான் மற்ற உயிர்களோடு பிணைந்திருப்பதை மறந்துபோன ஒரு விலங்கைப் பற்றி அவர்களிடம் சொல்லத் தொடங்குகிறான். அந்த விலங்கு மனிதன். அதன் பிறகு திரையில் வருபவை புகை, குப்பை, வெட்டப்பட்ட காடு ஆகியவற்றின் உண்மையான படப்பிடிப்புகள். அவற்றில் பல, 1982-இலிருந்து அதே அரங்கில் ஓடிய பழைய ஆவணப்படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கி வைக்கிறான், இடையிடையே விளக்குகிறான், கேலி செய்கிறான். ஆனால் கூத்து அவனைப் பற்றியது அன்று. சிம்பா அங்கே கட்டியங்காரன். 2018-இல் அந்தக் குறும்படத்தை நிறுத்திவிட்டு, 2020-இல் பாத்திரங்கள் எவையும் இல்லாத வேறோர் இயற்கைப் படத்தைப் போட்டார்கள் என்பது, எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது என்பவர்களுக்குச் சற்று இடறலான செய்தி.

முதல் நாளிலிருந்தே எப்காட் கட்டியங்காரர்களை நம்பித்தான் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வரலாற்று அரங்கை நடத்தியவர்கள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் மார்க் ட்வைனும். சீன அரங்கின் படத்தில் வழிகாட்டியாக வந்தவர் தாங் வம்சக் காலக் கவிஞர் லீ பாய். கற்பனை அரங்கில் 1983-இல் திறந்த சவாரிக்கென்றே ஃபிக்மென்ட் என்ற ஊதா நிற டிராகனை உருவாக்கினார்கள். அவன் எந்தப் படத்திலும் நடித்தவன் அல்லன். 1999-இல் அந்தச் சவாரியைத் திருத்தியபோது அவனை ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்றிவிட்டார்கள். எழுந்த முணுமுணுப்பைப் பார்த்து 2002-இல் திரும்ப அழைத்து வந்தார்கள்.

ஆகவே, பாத்திரம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டால் அரங்கில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. மோவானா படத்தை வைத்து 2023-இல் திறந்த நடைபாதையில் மோவானாவை எடுத்துவிட்டாலும், வானத்திலிருந்து விழும் நீர் ஓடையாகி, ஆறாகி, கடலாகி மீண்டும் மேலேறும் சுழற்சி அப்படியே இருக்கும். குழந்தைகள் கையை நீட்டினால் நீர் எழும்பும், அசைத்தால் இசை வரும். மாறாக, 2022-இல் திறந்த கார்டியன்ஸ் சவாரியில் அந்தப் படத்தின் ஆட்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இருட்டில் சுழலும் ஒரு மிகச் சிறந்த ரோலர்கோஸ்டர். நுழைவாயிலில் பேரண்டத்தின் தோற்றத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுகிறார்கள். கதாநாயகன் சிறுவனாக இருந்தபோது எப்காட்டுக்கு வந்திருக்கிறான் என்றும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். ஆற்றலைப் பற்றிய அரங்கு நின்ற இடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்பது எனக்கும் வருத்தமே. அந்த ஓரிடத்தில் உங்கள் தந்தையார் சொன்னது சரி.

கடலோடி எழுதியது:

மேலே எழுதிய நண்பர் கடல் அரங்கை ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு அங்கேதான் வாதமே இருக்கிறது.

1986-இல் திறந்தபோது அது உண்மையாகவே ஓர் ஆய்வு நிலையம் போன்ற தோற்றத்தில் இருந்தது. கடல்கள் எப்படி உருவாயின என்று ஒரு படம், அதன் பின் உங்கள் அப்பா சொன்ன அந்தப் பொய் லிஃப்ட், பிறகு ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் லிட்டர் உப்புநீர் கொண்ட தொட்டி. புரவலர் போன பிறகு அந்தக் கூடம் வெறிச்சோடிக் கிடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 2004-இன் இறுதியில் கிரஷ் என்ற ஆமையை ஒரு திரையில் கொண்டுவந்தார்கள். 2007-இல் முழு அரங்கும் நீமோவின் பெயருக்கு மாறியது. நீர், மீன்கள், அவற்றைப் பராமரிக்கும் அறிவியலாளர்கள் எல்லாம் அங்கேயே இருக்க, வாசற்படியில் மட்டும் வேறு கோலம் போட்டார்கள் என்றே நான் சொல்வேன். சவாரியின் கடைசிப் பகுதியில் நீமோவும் அவன் நண்பர்களும் உண்மையான தொட்டிக்குள் உயிருள்ள மீன்களுக்கு நடுவே நீந்துவதைப் போல ஒளிப்படமாக வீசப்படுகிறார்கள். குழந்தை நீமோவைத் தேடிக் கண்ணாடியை உற்றுப் பார்க்கிறது. பார்க்கிற கண்ணில் சுறா படுகிறது, திருக்கை படுகிறது.

கிரஷ் பதிவு செய்யப்பட்ட படம் அன்று. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளோடு அது நேருக்கு நேர் பேசுகிறது. அவர்கள் கேட்கும் கேள்விக்கு அந்த நொடியிலேயே பதில் சொல்கிறது. ஆமை எத்தனை ஆண்டுகள் வாழும், மூச்சை எப்படி அடக்கும் என்று என் மகன் அன்று கேட்டதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் எந்த அருங்காட்சியகத்திலும் கேட்டதில்லை. வெட்கப்படும் பிள்ளையைக் கேள்வி கேட்க வைப்பதைவிடப் பெரிய பாடம் ஒன்றை ஓர் ஆசிரியர் எதிர்பார்ப்பாரா?

குறையும் உண்டு, மறைப்பதற்கில்லை. அன்று முழுவதும் ஆரஞ்சு நிற மீன் எல்லாம் அவனுக்கு நீமோ, நீல நிற மீன் எல்லாம் டோரி. இனத்தின் பெயரைச் சொன்னால் காதில் வாங்கவே இல்லை. ஆனால், மேல்தளத்தில் கடற்பசுக்கள் இருக்கும் கண்ணாடியின் முன்னால் அவன் இருபது நிமிடம் நின்றான். அந்தப் படத்தில் கடற்பசுவுக்கு வேடமே கிடையாது. உங்கள் அப்பாவை அங்கே அழைத்துச் சென்று அமர வையுங்கள். இருக்கை இருக்கிறது, கூட்டமும் குறைவு.

வடதுருவம் எழுதியது:

வணக்கம். நான் ஒஸ்லோவில் முப்பது வருடங்களாக வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரி. எப்காட்டுக்கு 2009-இலும் 2018-இலும் போயிருக்கிறேன். முன்னர் எழுதிய இருவரும் அறிவியல் அரங்குகளைப் பற்றிச் சொன்னவை எனக்கு ஏற்புடையவையே. ஆனால், நாடுகளின் அரங்குகளுக்கு அந்த அளவுகோல் போதாது என்பது என் எண்ணம். கடலைப் பற்றிய அரங்கில் நீமோ எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. ஒரு நாட்டின் அரங்கில் இல்லாத நாடொன்றை வைத்தால் அது இருக்கும் நாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நோர்வே அரங்கில் 1988 முதல் 2014 வரை மேல்ஸ்ட்ரோம் என்றொரு படகுச் சவாரி இருந்தது. அதிலே வைக்கிங்குகள் வருவார்கள், மூன்று தலை கொண்ட ட்ரோல் பூதம் படகைப் பின்னோக்கித் தள்ளும், பனிக்கரடி நிற்கும். இறுதியில் புயலடிக்கும் வடகடலில் ஓர் எண்ணெய் அகழ்வு மேடையைக் கடந்து, அமைதியான மீன்பிடிக் கிராமமொன்றில் போய் இறங்குவோம். மொத்தமாக ஐந்து நிமிடம் வந்தால் அதிகம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆயினும், 1969-இல் எக்கோஃபிஸ்க் பகுதியில் எண்ணெய் கிடைத்ததனால் மாறிப்போன ஒரு நாட்டை விளக்க அந்த மேடையைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை. ட்ரோல்களும் இங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளிலிருந்து வந்தவைதாம். நியாயமாகப் பேசுவதென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்: சவாரி முடிந்ததும் நோர்வேயைப் பற்றி ஒரு குறும்படம் காட்டினார்கள், நான் போன நாளில் பாதிப் பேர் இருக்கையில் அமராமல் திரையரங்கின் குறுக்கே நடந்து மறுகதவால் வெளியேறிவிட்டார்கள்.

2016-இல் அதே வாய்க்காலில் அதே படகுகளை வைத்துக்கொண்டு ஃப்ரோசன் சவாரியைத் திறந்தார்கள். அந்தப் படத்தின் கதை நடக்கும் அரெண்டல் என்ற இராச்சியம் எந்த வரைபடத்திலும் இல்லை. எங்கள் தென்கரையில் ஏறத்தாழ அதே ஒலியோடு ஒரு நகரம் இருக்கிறது, அவ்வளவுதான். கதையின் வேர் 1844-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் எழுதிய பனி அரசியின் கதை, அவர் டென்மார்க்காரர். ஆக, டேனியக் கதையைத் தழுவி அமெரிக்காவில் எடுத்த படத்தின் கற்பனை நாடு நோர்வேயின் முற்றத்தில் குடியேறியிருக்கிறது. என் இளைய மகள் 2018-இல் அந்தப் படகிலிருந்து இறங்கியதும், “அம்மா, இதிலே நாங்கள் எங்கே?” என்று கேட்டாள். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை அவள்.

அந்தத் திரைப்படம் இந்த நாட்டிடமிருந்து உண்மையாகவே பலவற்றைப் பெற்றிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கத்தைக் கூட்டுகிறது. படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் குரலிசையை அமைத்தவர் சாமி என்ற பழங்குடி மக்களிடையே வேர்கள் கொண்ட நோர்வே இசையமைப்பாளர் ஃப்ரோட ஃபியெல்ஹைம். வடபுலத்துச் சாமி மக்களின் உடையையும் கலைமான் வளர்ப்பையும் முறையான ஒப்புதல் இல்லாமல் எடுத்தாண்டார்கள் என்ற குறை முதல் படத்தின் மீது எழுந்தது. இரண்டாம் படத்துக்கு முன்னர், 2019-இல், சாமி மக்களின் பிரதிநிதிகளோடு நிறுவனம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வடசாமி மொழியில் அந்தப் படம் வெளியாகவும் செய்தது. இவ்வளவு நல்ல பாடப்பொருள் கையில் இருந்தும் சவாரியில் அதன் நிழல்கூட இல்லை. படத்தில் வந்த பாடல்களையே திரும்பக் கேட்டுவிட்டு வருகிறோம்.

ஆனாலும் அந்த அரங்கைத் தவிர்க்க வேண்டாம், தங்கச்சி. வாசலில் மரத்தால் ஆன ஒரு பழைய தேவாலயம் இருக்கும். கோல் என்ற ஊரின் இடைக்காலத் தேவாலயத்தைப் பின்பற்றிச் செய்தது. மூலத் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஸ்லோவுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது, இப்போது எங்கள் நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எப்காட்டில் அதன் உள்ளே சிறியதொரு கண்காட்சி வைப்பார்கள். சவாரிக்கு வரிசையில் நிற்பவர்களில் மிகச் சிலரே அதற்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

திண்ணைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். எண்ணெய் நிறுவனத்தைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசித்துவிட்டு, அன்றைக்கு அந்த அரங்கில் டைனோசர்களைப் பார்த்த மகிழ்ச்சியில் அதைத் தாம் கவனிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். கட்டியங்காரன் உவமை அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. மகளிடம் அதை விளக்கியும் விட்டார். இப்போது அவள் ஒவ்வொரு அரங்கின் பெயரையும் சொல்லி, இவர் கட்டியங்காரரா, ராஜாவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒஸ்லோ அக்கா எழுதியதை வாசித்த பிறகு எனக்கு ஓர் ஐயம். மெக்சிகோவும் பிரான்சும் நார்வேயைப் போலத்தானா? ஃபிக்மென்ட் சவாரிக்கு அப்பாவை அழைத்துச் செல்லலாமா? 1991-இல் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

பழைய வரைபடம் எழுதியது:

மெக்சிகோ கொஞ்சம் பரவாயில்லை. அங்கே ஆற்றுப் படகிலிருந்து காணும் காட்சிகளோடு 2007-இல் டொனால்டையும் அவர் நண்பர்களையும் சேர்த்தார்கள். அந்த மூவரில் பஞ்சிட்டோ என்ற சேவல் மெக்சிகோக்காரர், ஹோசே கரியோக்கா என்ற கிளி பிரேசில்காரர். 1940களில் லத்தீன் அமெரிக்காவைக் கதைக்களமாகக் கொண்டு எடுத்த படத்தின் ஆட்கள் என்பதால் உறவு முழுப் பொய்யாக இல்லை, என்றாலும் டொனால்டைத் தேடி அலைவதில்தான் நேரம் போகிறது. பிரான்சில் 2021-இல் எலிச் சவாரி வந்தாலும், 1982-இலிருந்து ஓடும் பிரான்சு நாட்டுக் காட்சிப் படத்தை அவர்கள் இன்னும் கைவிடவில்லை. 2020 முதல் அதே திரையரங்கை ஒரு கார்ட்டூன் பாட்டு நிகழ்ச்சியோடு பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், பெரும்பாலும் மாலையில்தான் காட்டுவார்கள்.

டிசம்பரில் போகிறீர்கள் என்பது நல்வாய்ப்பு. ஒஸ்லோ அம்மையாரின் குறைக்கு அந்த ஒரு மாதத்தில் மட்டும் பாதி மருந்து கிடைக்கிறது. நாடுகளின் அரங்குகளில் அந்தந்த ஊர்க் கதைசொல்லிகள் வருவார்கள். இத்தாலியில் துடைப்பக் கட்டையோடு வரும் பெஃபானா கிழவி, நார்வேயில் தொழுவத்தில் குடியிருக்கும் யூலநிஸ்ஸன் என்ற குள்ளனின் கதை. படத்தில் நடிக்காத பாத்திரங்கள் இவை. உங்கள் மகள் இவற்றை எந்த வகையில் சேர்க்கிறாள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

தந்தையாருக்காக ஒன்று. வேளாண்மை அரங்கில் பசுமைக் குடில்களுக்குள் செல்லும் படகுச் சவாரி இன்றும் பாத்திரங்கள் எவையும் இன்றி, மண்ணில்லாமல் வேரைத் தொங்கவிட்டு வளர்க்கும் செடிகளையும் மீன் தொட்டிகளையும் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே விளைவதைப் பூங்காவின் உணவகங்களில் சமைக்கிறார்கள். தனிக்கட்டணம் கட்டினால் அதே குடில்களுக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடத்தி அழைத்துச் சென்று, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வார்கள். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் காலையில் முதல் வேலையாக அதை வைத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஃப்ரோசன் வரிசைக்குப் போயிருப்பேன்.

ஃபிக்மென்ட்டைப் பொறுத்தவரை ஒரு முன்னெச்சரிக்கை தேவை. அரங்கின் பெயரும் டிராகனும் இருக்கின்றன என்றாலும், அவர் 1991-இல் பார்த்த சவாரி அது அன்று. இப்போது ஐம்புலன்களை ஆராயும் கூடமாக அமைத்திருக்கிறார்கள். முகர்தலுக்கான அறையில் உங்கள் முகத்தை நோக்கி ஒரு வாசனை வரும். ஆரஞ்சுப் பழ வாசனை அன்று, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மகளிடம் சொல்ல வேண்டாம்.